பாவாயி கழுவிய நான்கு வீல்கள்

சங்ககிரிக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் லாரிப் பட்டறையும் கார் பட்டறையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற வரிசையில் அர்த்தனாரியின் வீல் பெயிண்ட் கொட்டகை எது என்று புதிதாக வருகிறவர் யாராவது கேட்டால், டீக்கடை நஞ்சப்பன் ஆற்றுகிற கையை நிறுத்தாமலே, "பின்னாடி எங்க ரோடு படுத்துக் கெடக்குதோ அதானுங்க" என்பான். போய்ப் பார்த்தால் கொட்டகைக்குப் பின்னால் முள் வெட்டிய காலி நிலத்தில் உண்மையிலேயே ஒரு ரோடு நீட்டிப் படுத்திருக்கும், ஒரு நாளைக்குத் தார் ரோடாக, ஒரு நாளைக்குச் செம்மண் தடமாக, ஒரு நாளைக்கு இரண்டு பக்கமும் தென்னை நிற்கிற வாய்க்கால் கரையாக, அர்த்தனாரியிடம் கூலிக்கு இருக்கிற பாவாயி அன்றைக்கு எந்த ஊர் வண்டியின் வீலைக் கழுவினாளோ அந்த ஊரின் வழியாக.

முதல் தடவை வந்தது வால்பாறை ரோடு. சித்திரை மாதத்து மத்தியானம், தகரக் கூரை பொரிகிற நேரம், ஒரு எஸ்டேட் ஜீப்பின் வீல்களை டயர் உருவி வெறும் இரும்பாக அவள் முன்னால் உருட்டிவிட்டார்கள். மண் காய்ந்து கல்லாகி, கல்லுக்கு மேல் கிரீஸ் ஏறி, கிரீஸுக்கு மேல் பிரேக் கட்டை தேய்ந்து உதிர்ந்த கருந்தூள் படிந்து, எது வீல் எது அழுக்கு என்று தெரியாமல் கிடந்தது. "இதென்ன வீலா, மாட்டுத் தொட்டியா? கட்டிக்கிட்டவளையும் இப்படித்தான் வெச்சிருக்கீங்களா?" என்று ஜீப்காரரை வைதுகொண்டே சோப்புத் தண்ணி ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் அவள் தேய்க்கத் தேய்க்க, ஓடின கறுப்புத் தண்ணி பள்ளம் பார்த்துப் பின்பக்கம் போய், போன இடத்தில் அகலமாகி, அகலமான இடத்தில் வளைந்து, வளைவில் மைல்கல் ஒன்று முளைத்து, இரண்டு பக்கமும் தேயிலைச் செடி எழும்பி, மேலே மஞ்சு இறங்கிவிட்டது. பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். பிரஷ்ஷை உதறினாள்.

"ஏ அர்த்தனாரி, இத யாரு கூட்டி அள்ளறது? கழுவறதுக்குத்தான் எனக்குக் கூலி, இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றாள்.

வரிசை கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தது. அப்புறம் உபயோகம் பார்த்தது. நஞ்சப்பன் கத்திரி வெயிலில் பெஞ்சைத் தூக்கி வால்பாறை ரோட்டில் போட, லாரி டிரைவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கி நடுங்கி டீ குடித்தார்கள். ராமநாதபுரத்து வண்டி வந்தால் பெண்கள் மிளகாயும் வடகமும் கொண்டுவந்து அந்த ரோட்டில் காயப்போட்டார்கள், அங்கே வெயிலில் ஈரமே கிடையாது என்று. ஒருத்தி உலையை வைத்துவிட்டுப் பழனி ரோட்டில் இறங்கி அடிவாரத்தில் கும்பிட்டு, அரிசி களைந்து போடுவதற்குள் திரும்பி வந்தாள், ஏனென்றால் அந்த வழியில் இறங்கினால் வீல் உருண்ட வேகம் காலுக்கு வந்துவிடும். பஞ்சாயத்து மெம்பர் ஒருவர் வந்து ரோட்டை முன்னும் பின்னும் பார்த்து, இதற்குத் தெருவிளக்குப் போட வேண்டுமா என்று தலையைச் சொறிந்து, தானாக வந்த ரோடு தானாகப் போய்விடும், அது நம் கணக்கில் வராது என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். தெருநாய்கள் ஈரமான ஊர் ரோடு வந்தால் அதில் போய்ப் படுத்தன, குளிர்ந்த ஊர் ரோடு வந்தால் எழுந்துவந்து கொட்டகைச் சாம்பலில் படுத்தன.

வழிக்கென்று சில வழக்கங்கள் இருந்ததைப் பட்டுப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். வீலைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தின்னரில் துடைத்து அர்த்தனாரி பிரைமர் அடித்துவிட்டால் அந்த வழி போய்விடும், பிறகு வராது. அழுக்கு அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், மேலடுக்கு நேற்றையது, உள்ளே போகப் போகப் பழையது. எந்த அடுக்கு கரைகிறதோ அந்த நாளின் பொழுதுதான் அந்த வழியில் இருக்கும், அன்றைக்கு மழையென்றால் மழை, அன்றைக்கு அங்கே போனவர்கள் அங்கே போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். ஆனால் அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் முடிந்தது கதை. டிங்கர் கந்தப்பன் ஒரு பெங்களூர் வழியில் நடக்கும்போது, பெங்களூரில் வேலை மும்முரம், தங்கச்சியை அழைத்துப்போக முடியாது என்று எழுதிப்போட்ட மச்சான் பட்டப்பகலில் சீட்டாட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அடேய் சுந்தரா!" என்று ஒரு சத்தம் போட்டான், போட்டதும் காலுக்குக் கீழே வழி அறுந்து, அந்த வீலில் மிச்சமிருந்த அத்தனை வழியும் வெறும் தண்ணியாக ஓடிப்போய், கந்தப்பன் கொட்டகைச் சேற்றில் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து யார் இறங்கினாலும் பாவாயி பின்னாலிருந்து கத்துவாள்: "வாய மூடிக்கிட்டுப் போயி, வாய மூடிக்கிட்டு வரோணும்!"

அவள் மட்டும் ஒரு வழியிலும் இறங்கியதில்லை. "எனக்கு எங்க போகோணும்? கழுவறதுக்கே கை பத்தல" என்பாள். ஏன் என்று வரிசைக்கே தெரியும், யாரும் கேட்டதில்லை. அவள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

அது அவள் ஒரே மகன் கதிரேசனின் கார். வாடகைக்கு ஓட்டினான். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு கல் உடைத்து, செங்கல் சுமந்து, கடைசியில் வீல் கழுவி அவள் ஆளாக்கிய பிள்ளை, சொந்த உழைப்பில் புது வண்டியாகவே எடுத்த கார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. காரை அர்த்தனாரி ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். பாவாயி தார்ப்பாயை இழுத்து மூடினாள். அதோடு சரி. ஊரார் வீலையெல்லாம் கழுவின கை அந்த நாலு வீலை மட்டும் தொடவில்லை. கழுவினால் அவன் போன வழியெல்லாம் வெளியே வந்துவிடும், வந்தது ஒரே ஒரு தடவைதான் வரும், அப்புறம் இல்லை. இருக்கட்டும், உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

மருமகள் கோகிலவாணி, தாய் தகப்பன் இல்லாதவள், தையல் மிஷினோடு அத்தை வீட்டிலேயே இருந்தாள். அவளுக்கு மறுபடி கல்யாணம் பேசியது பாவாயிதான். பங்காளிகள் கூடி வந்து, இது எந்த ஊர் வழக்கம், செத்தவன் ஆத்மா என்ன பாடுபடும் என்று ஆளுக்கொன்று சொன்னபோது, விளக்குமாற்றை எடுத்து வாசல் நடுவில் போட்டு, "எம்மவன்தான் செத்தான், இவ சாகல. ஆத்மாவப் பத்திப் பேசறவங்க இதத் தாண்டி உள்ள வாங்க" என்றாள், யாரும் தாண்டவில்லை. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக்கிழங்குக் காடு வைத்திருந்த லோகநாதன் என்பவன், அதிகம் பேசாதவன், கேட்டதற்கெல்லாம் "சரிங்க" என்று சொல்கிறவன், கோகிலவாணிக்குப் பிடித்திருந்தான். மிஷின் வைக்க வெளிச்சமான இடம் தர வேண்டும் என்றாள் பாவாயி. சரிங்க. பழைய பேச்சு எடுத்து ஒரு சொல் குத்தக்கூடாது என்றாள். சரிங்க. "எல்லாத்துக்கும் சரிங்கன்னா நான் யாருகிட்டப் பேரம் பேசறது?" என்று அவனையும் ஒரு வார்த்தை வைதுவிட்டு, காரையும் பெண்ணோடு அனுப்புவதாகச் சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்ட பிறகுதான் தார்ப்பாயைத் தூக்கினாள்.

அர்த்தனாரி குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு வீலாகத் தட்டிப் பார்த்தான். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருந்தது. விரலால் தொட்டதும் செதிள் பெயர்ந்தது.

"ரிம் ஓரமெல்லாம் துரு தின்னுருச்சுங்கக்கா. இப்படியே உட்டா டயருல காத்து நிக்காது. சொரண்டி எடுத்து பெயிண்ட் பண்ணியே ஆகோணும்."

"தெரியுது."

"வேணும்னா..." என்று அவன் இழுத்தான். அவனுக்கும் கோபக்காரன் என்றுதான் பெயர். சொன்ன நாளைக்கு மேல் ஒரு நாள் எந்த வீலையும் வைத்திருக்க மாட்டான். ஆனால் அவளிடம் மட்டும் குரல் இறங்கும். "இத அப்படியே கழட்டி உள்ள வெச்சுக்கிட்டு, வேற வீல் வாங்கி மாட்டிறலாமுங்க."

பாவாயி காருக்கு அடியில் கையைக் காட்டினாள். உதிர்ந்து கிடந்த துருச் செதிள் ஒவ்வொன்றுக்குக் கீழேயும் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ரோடு கிடந்தது. ஒன்றில் பாதி வெள்ளைக்கோடு, ஒன்றில் ஒரு புளிய இலை, ஒன்றின் மேல் எறும்புகள் வரிசையாக ஏறி, அதன் முடிவில் எங்கே போவதென்று தெரியாமல் திரும்பிக்கொண்டிருந்தன.

"வெச்சிருந்தா நிக்குமா இது? இப்படியே பொடிப்பொடியா எறும்புக்குப் போயிரும். கழட்டு" என்றாள்.

வீல்கள் கொட்டகைக்கு வந்தன. அன்றைக்கு வரிசையில் சுத்தியல் சத்தமே குறைவாக இருந்தது. கோகிலவாணி தலையில் முக்காட்டோடு வந்து, அத்தைக்கு எதிரில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கத்தை, நீங்க மட்டுமா பாக்கப் போறீங்க?"

"நான் பெத்தவ."

"நான் கட்டுனவங்க."

"முன்னால ரெண்டும் எனக்கு. பின்னால ரெண்டும் உனக்கு, போ."

"முன் சீட்டுல உக்காந்து போனது நானுங்க."

"உனக்கு முன்னால அதுல உக்காந்து போனது நானு!"

"நாலு வீலும் ஒண்ணாத்தானே உருண்டுச்சு" என்றான் அர்த்தனாரி பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசர் பக்கமிருந்து. "எதுல பாத்தாலும் அதே வழிதானுங்க. இதுல முன்ன என்ன, பின்ன என்ன?"

"நீ உன்ற வேலையப் பாரு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்ததும் பாவாயி சட்டென்று பைப்பைத் திருகினாள்.

முதல் வீலில் மேலாக இருந்தது அர்த்தனாரி காரை வீட்டுக்குக் கொண்டுவந்த வழி. பாவாயி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். சேலம் ரோடு, தூறல், மழைக்கால மத்தியானத்து மங்கல் வெளிச்சம். எதிரே கார் வந்தது, டிரைவர் சீட்டில் அர்த்தனாரி தனியாக. கொஞ்ச தூரம் வந்து புளியமரத்தடியில் நின்றது, அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான், துடைத்துக்கொண்டு கிளப்பினான், மறுபடி ஒரு பாலத்துப் பக்கம் நின்றது, மறுபடி ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டி நின்றது. அவள் திரும்பி வந்தாள்.

"ஏ அர்த்தனாரி. வண்டியக் கொண்டாந்தப்ப நேரா வந்தேன்னுதானே சொன்னே?"

"நேராத்தானுங்க வந்தேன்."

"வழியில எங்கியும் நிறுத்தல?"

அவன் கம்ப்ரசர் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். "வண்டி சூடாயிருச்சுங்கக்கா."

"ம்" என்றாள் பாவாயி.

அடுத்த அடுக்குக்கு மண்ணெண்ணெய் தேவைப்பட்டது. துணியில் தொட்டு ஒரு வட்டம் துடைத்ததும் சேலம் ரோடே மறுபடி வந்தது, இந்தத் தடவை விடிகாலை, மழை, கார் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின் கண்ணாடி வழியாக அவன் தலை தெரிந்தது. பக்கத்தில் கோகிலவாணி அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கழுத்து நிற்காமல் அவன் தலை ஒரு பக்கம் சாய்கிறது, நிமிர்கிறது, மறுபடி சாய்கிறது, கார் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. அன்றைக்கு வேறு யார் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவனேதான் ஓட்டிக்கொண்டு போனான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, பின்னால் நடந்துபோய்ப் பார்ப்பது வேறு. யார் யாருக்கோ எத்தனையோ தடவை கத்திச் சொன்ன வழக்கம் அவளுக்கே மறந்துபோயிற்று.

"கதிரு! நிறுத்து சாமி! நீ ஓட்டாத, கதிரு!"

வழி அறுந்தது. அந்த வீலுக்குள் இருந்த அத்தனை வருஷமும் கறுப்புத் தண்ணியாக வாய்க்காலில் போனது. பாவாயி சேற்றில் உட்கார்ந்து, வெறும் இரும்பாக நிற்கிற வீலைப் பார்த்தாள். கோகிலவாணி ஓடிவந்து தூக்கினாள். நஞ்சப்பன் டீ கொண்டுவந்து வைத்தான், கேட்காமலே இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டிருந்தான்.

"இன்னிக்கு பிரைமர் அடிக்க முடியாதுங்க" என்று அர்த்தனாரி கொட்டகைக்குக் கேட்கிறமாதிரி அறிவித்தான். "கம்ப்ரசர் ரிப்பேர். எப்ப சரியாகும்னு சொல்ல முடியாது." காலையில் அதே கம்ப்ரசர் ஊரைக் கூட்டி ஓடியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். "அட, ஆமா, சத்தமே சரியில்ல" என்றான் கந்தப்பன்.

மறுநாள் இரண்டாவது வீலுக்கு உட்காருமுன் பாவாயி தலைத்துண்டை மடித்துப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டாள். மேலடுக்குகளில் அவள் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியை வேகமாகத் தேய்த்தாள், தேய்த்து ஓடவிட்டாள். கல்யாண வாடகை, கோயில் வாடகை, ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றப் போன ராத்திரிகள், மேட்டூர் அணை, பவானி கூடுதுறை, ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கப்போன ஒரு பயணம் எல்லாம் பின்பக்கம் வந்து படுத்து, ஒன்றையொன்று மூடி, ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. அவள் சுரண்டிக்கொண்டே போனாள், சுரண்டச் சுரண்ட அந்த வழிகளில் அவனுக்குக் காய்ச்சல் விட்டு, கன்னம் உப்பி, மீசை சின்னதாகி, ஹாரன் சத்தத்தில் விளையாட்டு ஏறி, கடைசியில் இரும்புக்கு ஒட்டின மாதிரி ஒரு மெல்லிய மஞ்சள் கறை மட்டும் மிஞ்சியது. உப்புத்தாளை நனைத்து அதைத் தொட்டாள். எலுமிச்சம்பழ வாசம் வந்தது. புது வண்டிக்குப் பூஜை போட்டு நாலு வீலுக்கும் கீழே பழம் வைத்து ஏற்றின அன்றைக்குத் தெறித்த சாறு.

அவள் இறங்கினாள். மாரியம்மன் கோயிலிலிருந்து வீட்டுக்கு வருகிற தெரு, இளவெயில். முன்னால் கார் சாமந்தி மாலையோடு மாட்டுவண்டி வேகத்தில் போனது, மெல்லப் போ, மெல்லப் போ என்று அவளே வைததால். முன் சீட்டில் அவளுடைய தலை, எண்ணெய் மினுங்க, மல்லிகைப் பூவோடு, அவன் பக்கமே திரும்பி, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அடேயப்பா, எவ்வளவு பேசியிருக்கிறேன், அவனை ஒரு சொல் பேசவிட்டேனா என்று நினைத்தாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, ஒரு சொல்லுக்கு வாய்விட்டுச் சிரித்தான். துண்டைக் கடித்த பல் வலித்தது. வீட்டு வாசலில் கார் நின்றது. அவன் இறங்கி, சுற்றி வந்து, மந்திரிக்குத் திறக்கிற மாதிரி குனிந்து அவளுக்குக் கதவைத் திறந்தான். அவள் இறங்கி உள்ளே போன பிறகு, கதவைச் சாத்துமுன், எல்லா டிரைவர்களும் செய்கிற மாதிரி, பின்னால் வண்டி வருகிறதா என்று ஒரு தரம் ரோட்டைப் பார்த்தான். பின்னால் நடந்து வந்தவள் நின்ற இடத்தைப் பார்த்தான். அவள் கையை மட்டும் தூக்கினாள், வாயைத் திறக்கவில்லை. அவன் கதவைச் சாத்தினான்.

திரும்பி வந்து அந்த வீலைத் தானே தின்னரில் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "கம்ப்ரசர் சரியாயிருச்சா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லீங்க" என்றான் அர்த்தனாரி.

மூன்றாவது வீல் கோகிலவாணியுடையது. அவளுக்கு வேண்டிய அடுக்கு வரும்வரை பாவாயி தேய்த்துக் கொடுத்தாள். "இதுதானுங்கத்தை" என்று ஒரு மலைப்பாதை வந்தபோது சொல்லிவிட்டு, அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு இறங்கிப் போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள், தலை நனைந்திருந்தது, காலில் புல் ஒட்டியிருந்தது. என்னம்மிணி பாத்தே, எங்க போனீங்க, என்ன சொன்னான் என்று ஆயிரம் கேள்வி பாவாயியின் நாக்கு நுனியில் நின்றன. ஜீப்காரர்களையும் பங்காளிகளையும் பஞ்சாயத்து மெம்பரையும் விடாத நாக்கு அது.

"மழையா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏற்காட்டுல மழைங்கத்தை."

"தலையத் தொவட்டு."

நாலாவது வீல் நடுவில் கிடந்தது. கோகிலவாணி அதைப் பாவாயி பக்கம் உருட்டினாள். "உங்குளது ஒண்ணு வீணாப் போச்சு. இத நீங்களே பாருங்க."

பாவாயி அதைத் திருப்பி உருட்டினாள். "பேசினது பேசினதுதான். உன்ற பங்கு."

"அப்ப ரெண்டு பேருமே போலாங்கத்தை."

பாவாயி வீலை நிமிர்த்தி வைத்து, அதன் துருவையும் மண்ணையும் உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு, "வேண்டாம் கண்ணு" என்றாள். "நாம பின்னாடியே போயிட்டிருந்தா அவன் எப்பத்தான் போயிச் சேருவான்? இந்த ஒரு தடவை தனியாப் போகட்டும்."

பம்ப்பைப் போட்டு, தண்ணியை முழு வேகத்தில் திறந்து, குழாயின் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தைக் கோகிலவாணியும் பிடித்துக்கொண்டார்கள். வழிகள் புரண்டு புரண்டு வந்து நிலத்தில் விழுந்து, யார் காலும் படாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டு போயின. எங்கேயோ ஒரு வளைவில் ஹாரன் கேட்டது, இன்னும் தள்ளி இன்னொரு தரம் கேட்டது. வரிசையில் இருந்தவர்கள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள், சாமி ஊர்வலம் போகும்போது நிற்கிற மாதிரி. தண்ணி தெளிந்தது. அர்த்தனாரி கம்ப்ரசரைப் போட்டான். அது முதல் இழுப்பிலேயே ஓடியது.

கல்யாணம் நடந்தது. சில்வர் பெயிண்ட் அடித்த நாலு வீலோடு கார் ஆத்தூர் போனது. பாவாயி ஊரார் வீலுக்குத் திரும்பினாள், வசவு இரட்டிப்பானது. ஆடி பிறந்தது, புதுப்பெண்களைத் தாய்வீட்டார் போய் அழைத்து வந்தார்கள், டீக்கடைப் பக்கம் தட்டும் பூவுமாக ஆட்கள் பஸ் ஏறினார்கள். "நீங்க போகலியாக்கா?" என்று நஞ்சப்பன் கேட்டதற்கு, "நான் யாரு, என்ன முறை சொல்லி அந்த வாசல்ல போய் நிக்கிறது? புத்தி இருக்கா உனக்கு?" என்று அவனைக் கிழித்தாள். கிழித்துவிட்டு டீயைக் குடிக்காமல் போனாள்.

ஆடி பாதி போன ஒரு காலையில் அந்தக் கார் வந்து கொட்டகை முன்னால் நின்றது. பாவாயி முகத்தைப் பார்க்கவில்லை, வீலைத்தான் பார்த்தாள். செம்மண் அப்பி, அதன் மேல் சாணி அப்பி, அதன் மேல் கிழங்கு மில்லின் புளித்த தண்ணி காய்ந்து, சில்வர் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை.

"அட பாவிகளா! பெயிண்ட் காயறதுக்குள்ளயா இந்தக் கோலம்? கழுவத் தண்ணி இல்லியா உங்கூர்ல?"

கோகிலவாணி இறங்கினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னு தெனமும் வாசலப் பாத்தேன். வரல. அதான் வழியக் கையோட கொண்டாந்துட்டேன்."

லோகநாதன் பின்னாலேயே இறங்கி, பாவாயிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தானே ஜாக்கி வைத்து ஒரு வீலைக் கழற்றினான். அர்த்தனாரி பழக்கத்தில் பிரைமர் டப்பாவைத் தேட, "அதத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றாள் பாவாயி. சோப்பு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, வெறும் தண்ணியை மெல்ல ஊற்றினாள். ஆத்தூர் ரோடு வந்து படுத்தது, இன்றைக்குக் காலைப் பொழுதோடு, இரவு பெய்த மழையின் குட்டைகளோடு, இரண்டு பக்கமும் மரவள்ளி ஆள் உயரத்துக்கு நிற்க.

இறங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் எதிரே கார் வந்தது. நல்ல ரோடு நடுவில் இருக்க, அது வேண்டுமென்றே ஓரத்துக்கு இறங்கி ஒரு குட்டையில் பாய்ந்தது, ஏறி வந்து அடுத்த குட்டையில் பாய்ந்தது, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கோகிலவாணி, "இன்னும் இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்று கையைக் காட்டிச் சிரித்தாள், ஸ்டீயரிங்கில் லோகநாதன் சரிங்க சரிங்க என்று திருப்பிக்கொண்டிருந்தான். பாவாயியின் புடவையெல்லாம் சேறு தெறித்தது. பைத்தியங்கள், பெட்ரோல் என்ன சும்மா வருகிறதா என்று பல்லுக்குள் வைதுகொண்டே, முகத்தைத் துடைக்காமல் நடந்தாள்.

வெகுநேரம் அவள் வரவில்லை. கோகிலவாணி இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். நஞ்சப்பன் டீயை இரண்டு தரம் சூடு பண்ணினான். வெயில் கொட்டகையைத் தாண்டின பிறகு பாவாயி வந்தாள், மடியில் நாலு மரவள்ளிக்கிழங்கு, காலில் செம்மண். நேராக லோகநாதன் முன்னால் போய் நின்றாள்.

"மிஷினு கெழக்கு ஜன்னலோரம் இருக்குது, பாத்தேன். வெளிச்சம் சரியாத்தான் உழுவுது. மாட்டுக்கொட்டாய் சுத்தம். அடுப்படியில பொகை போக வழியில்ல, அதப் பாத்துப் பண்ணோணும். கெணத்தச் சுத்திக் கைப்புடிச் செவுரு இல்ல. இந்தப் புள்ள தண்ணி சேந்தற எடம் அது." கிழங்கைக் கீழே வைத்தாள். "அடுத்த தரம் நான் வாரதுக்குள்ள கட்டி முடிச்சிருக்கோணும், மாப்ள."

"சரிங்கத்தை" என்றான் லோகநாதன்.